நான் நீக்கிய எட்டுப் பெயர்கள்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் கயல் புனேயிலிருந்து கூப்பிட்டாள். அதுவரை அது நல்ல வாரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய முதல் நாவல் அச்சுக்குத் தயாராகி, சென்னைப் பதிப்பாளர் கடைசிப் பக்கங்களை அவளுக்கு அனுப்பியிருந்தார். நான் கோயமுத்தூரில், பள்ளி வழிகாட்டி நூல்கள் போடும் அச்சகத்தில், பத்தாம் வகுப்பு அறிவியலின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் நாவல் எழுதியிருக்கும் செய்தியைப் பக்கத்து மேசைக்காரரிடம் மூன்றாவது முறையாகச் சொல்லி முடித்த நேரம் அது.

"அப்பா, அந்த நாலு வரி எங்கீங்ப்பா?"

"எந்த நாலு வரி கண்ணு?"

"ஒவ்வொரு அத்தியாயம் ஆரம்பிக்கறப்பவும் வருமே. பேரெல்லாம் இருக்குமே."

"அதா? பதினாலு எடத்துல ஒரே மாதிரி வந்துட்டிருந்துச்சு சாமி. எடுத்துட்டேன்."

பெருமையாகவே சொன்னேன். மறுமுனையில் யாரோ பலர் நிற்கும் ஓசை கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் பேருக்காக எட்டுப் பேரு இங்க நிக்கறாங்கப்பா."

போன் அணைந்தது. திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் மராத்தியில் சொன்னாள்.

நடந்தது இதுதான். கயல் ஆங்கிலவழியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துப் பிழை நிறைய வரும். "பிழை மட்டும் பாருங்கப்பா" என்று நாவலை எனக்கு அனுப்பினாள். இருபத்தாறு வருடமாகப் பிழை பார்ப்பவன் நான். ஒரே பத்தி இரண்டு முறை வந்தால் இரண்டாவதை அடிப்பது எங்கள் தொழிலில் கண் சிமிட்டுவது போல. இங்கே பதினாலு முறை வந்திருந்தது. அதிலிருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கதையில் இல்லை. எனவே முதலாவதையும் சேர்த்து அடித்தேன். கயலுக்கு அலுவலகத்தில் வேலை அதிகம், எதற்குத் தொந்தரவு என்று நேராகப் பதிப்பாளருக்கே அனுப்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கு அந்தப் பதிப்பாளரே அழைத்தார். "சார், உங்க பொண்ணு புத்தகத்தையே நிறுத்தச் சொல்றாங்க."

"பழைய ஃபைலை இப்பவே அனுப்பிடறேனுங்க."

"பழசு என்கிட்டயே இருக்கு சார். அது பிரச்சனை இல்ல. அந்த ஆளுங்க சம்மதிக்காம பேரைத் திரும்ப வெச்சா அது கள்ளத்தனம்னு சொல்றாங்க. திங்கக்கிழமை காலைல மிஷின்ல ஏத்தணும். ஞாயித்துக்கிழமை ஆறு மணி வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன். அவங்க வாயால சரின்னு சொல்லட்டும். இல்லேன்னா வேற புத்தகம் ஏறிடும், இது எப்பன்னு சொல்ல முடியாது."

என் மனைவி பையில் இரண்டு சட்டை வைத்தாள். "ஏனுங்க, போன்ல உங்களுக்குப் பேச வராது. நேர்ல போயிருங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை விமானத்தில் வந்து புனேயில் இறங்கினேன். நம் ஊர்க் காற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. புனேக் காலை அதைக் கொஞ்சம் குறைத்தது. மரங்கள் இன்னும் மிச்சமிருக்கும் ஊர். ஆட்டோக்காரரிடம் எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் ஒன்றுதிரட்டி, "ஏரவாடா" என்று மட்டும் சொன்னேன். மற்றதைப் போகும்போது சொல்லலாம் என்ற தைரியம்.

அவர் என் பையையும் முகத்தையும் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். எனக்குப் புரிந்தவரை அந்தப் பேச்சு இது:

"யாரைப் பார்க்க, சாச்சா?"

"மகளை."

"மகளா. அடக் கடவுளே. எத்தனை வருஷம்?"

"மூணு வருஷம்."

"முடியப் போகுதா?"

"தெரியலை. அவளுக்கு இந்த ஊர் பிடிச்சுப்போச்சு."

அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே வண்டியை ஓட்டினார். ஒரு பெரிய மதிலுக்கு முன்னால் நிறுத்தி, மனு கொடுக்கும் சன்னல் எது என்று கை காட்டினார். மதில் மேல் முள்கம்பியைப் பார்த்த பிறகுதான் அது சிறைச்சாலை என்று எனக்கு உறைத்தது. தனியாக, பையோடு, முகம் வாடி ஏரவாடா போகிறவரை அங்கே கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் வழக்கமாம். நான் முகவரியைக் காட்டியதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் நெற்றியில் கை வைத்து, மகள் வெளியில்தான் இருக்கிறாள் என்பதற்காகக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

கயலின் வீட்டுத் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் என்னைக் கடந்தது. இந்த ஊர்ப் பெண்கள் வண்டி ஓட்டும்போது துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். கண் மட்டும் தெரியும். கண் மட்டும் தெரிந்த அந்தப் பெண் வேகத்தைக் குறைத்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். ஸ்கூட்டரின் பின்னால் கோயமுத்தூர்ப் பதிவெண் இருந்தது.

வீட்டில் கயலோடு தங்கியிருக்கும் ஷாலினி கதவைத் திறந்தாள். மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்.

"வாங்க அங்கிள். கயல் இப்பதான் நிகல் கயி, வெளிய போயிட்டா. நாஷ்தா ஆச்சா? பொஹா பண்ணியிருக்கேன்."

பொஹா நம் அவல் உப்புமாதான். மஞ்சள் போட்டு, வேர்க்கடலை போட்டு, மேலே எலுமிச்சை பிழிந்திருந்தாள். நம் ஆட்கள் அவலைக் குழைத்துவிடுவார்கள். இது உதிரி உதிரியாக இருந்தது. இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டேன். கவலை இருக்கும்போது எனக்குப் பசி அதிகம்.

"நீ அந்த நாவலைப் படிச்சியாம்மா?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது அங்கிள். பேசத்தான் வரும், அதுவும் தோடா தோடா. நான் நாவலைக் கேட்டேன்."

"கேட்டியா?"

அவள் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். பதினாலு ஒலிப்பதிவுகள். அத்தியாயத்துக்கு ஒன்று.

ஹிப்ஹாப் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது கயலின் கல்லூரிக் காலத்தில். காதில் எந்நேரமும் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவாள். "பேச்சா பாட்டா, ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு" என்று நான் கேலி செய்வேன். இங்கே வேலைக்கு வந்த பிறகு, ஏரவாடாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஞாயிறுதோறும் வட்டமாக நின்று ராப் சொல்லும் கூட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அப்போதும் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், இந்தக் கூத்து ஒருபக்கம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்.

முதல் பதிவை ஓடவிட்டேன். யாரோ வாயாலேயே தாளம் போடுகிறார்கள். உதட்டால் கொட்டு, பல்லிடுக்கில் சிலம்பல், தொண்டையிலிருந்து கனமாக ஓர் அடி. அதன் மேல் என் மகள் நாவலைப் பேசுகிறாள். ஏரவாடாவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. நான் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்த திருத்திய பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நான் அழகுக்காக ஒன்றாகச் சேர்த்திருந்த இடங்களில் எல்லாம் அவள் மூச்சுக்காக நிறுத்தினாள். நான் சுருக்கிய இடங்களில், என் காகிதத்தில் வரி முடிந்த பிறகும் அவள் தாளத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் எழுதி முடித்துவிட்டுப் பேசியிருக்கவில்லை. பேசிப் பேசி, பிறகு அதைக் கேட்டு எழுதியிருக்கிறாள்.

அந்த நாலு வரி இப்படி வந்தது:

தகரத்துல மழ விழுது, தண்ணித் தொட்டி பக்கம் வா,
தாளத்துக்கு ஆளு உண்டு, தனியா ஏன் நிக்கற வா,
சந்து, பூஜா, ரியாஸ், டிங்கு, சாரிகா,
சாகர், மீனு, பாலா, எல்லாருந்தான் இங்க வா.

அவள் எனக்கு அனுப்பிய பக்கங்களில் இருந்தது இவ்வளவுதான். பதிவில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு குரல், "ஹாஜிர்" என்றது. நம் பள்ளிகளில் "உள்ளேன் ஐயா" என்பது போல. எட்டுக் குரல்கள். ஒன்பதாவது அத்தியாயத்தில் மீனுவுக்கு ஜலதோஷம். பதினொன்றாவதில் டிங்குவின் பெயருக்குப் பதில் வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, ஒரு நிமிடத்துக்கும் மேலாக. பிறகு ஓடிவந்த மூச்சோடு ஒரு "ஹாஜிர்", எல்லோரும் சிரிக்கிறார்கள், கதை தொடர்கிறது.

"ஆள் வர்ற வரைக்கும் அடுத்த பேருக்குப் போக மாட்டாங்க அங்கிள்" என்றாள் ஷாலினி. "அது அவங்க ரூல்."

பதினாலையும் கேட்டு முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. நடுவில் ஷாலினி சாப்பாடு வைத்ததும், நான் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது. என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை.

கயல் ஐந்து மணிக்கு வந்தாள். துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு சாமி. உன்ர நாவலைக் கேட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை நடந்ததை இப்போதுதான் சொன்னாள். சந்து ரஞ்சன்காவ் ஆலையில் வேலை பார்க்கிறவன். வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு வார விடுப்பு என்பதால் இவளும் அரைநாள் விடுப்புப் போட்டு, பக்கங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், எட்டுப் பேரையும் வரவழைத்து, முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். தமிழ் அவர்களுக்குத் தெரியாது. பெயர் வரும் இடத்துக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள். சந்து தன் வாய்த்தாளத்தை அந்த நாலு வரிக்கு ஏற்ப மாற்றிப் போட்டிருக்கிறான். இவள் அடுத்த வரிக்குப் போனால், அது கதையின் முதல் வரி.

"சென்னைக்காரங்க எடுக்கச் சொன்னாங்களான்னு பூஜா கேட்டா. இல்ல, எங்கப்பான்னு சொன்னேன். அப்ப அது இன்னும் மோசம்னு சொல்லிட்டுச் சந்து போயிட்டான். போன் எடுக்க மாட்டேங்கறான்."

"நான் எடுத்தா ஏன் கண்ணு இன்னும் மோசம்?"

"பதிப்பாளருக்கு நாங்க யாருன்னு தெரியாது. எங்கப்பாவுக்கு உங்க ஒவ்வொருத்தர் பேரும் தெரியும், வாராவாரம் சொல்றேன்னு நான் அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

வாராவாரம் சொல்லியிருக்கிறாள்தான். ஞாயிறு ராத்திரி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அவன் தாளம் இல்லாம இந்த நாவல் இல்லீங்ப்பா. மூணு தடவ உக்காந்து எழுதிப் பார்த்தேன். பொணம் மாதிரி கெடந்துச்சு. அவன் அடிக்கறப்ப பேசினேன், எந்திரிச்சு நடந்துச்சு. அவன் பேரு இல்லாம புத்தகம் வேண்டாம். அவன் வேண்டாம்னா பேரோடயும் வேண்டாம்."

"நான் போயி அவன் வீட்டுல பேசட்டுமா?"

"வட்டத்துல நடந்தத வட்டத்துலதான் பேசணும். நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. எடுத்தது நீங்க. உங்க வாயால அந்தப் பேரு வரணும்."

"நான் பாடணுமா?"

"பாட வேண்டாம்ப்பா. படிங்க. ஆனா தாளத்துல படிங்க."

ஞாயிறு காலை பயிற்சிக்காக என்னைக் கேம்ப் பகுதிக்கு அழைத்துப்போனாள். மாதா கோயில் மணி, பழைய கடைகள், அதைவிடப் பழைய ஓர் ஈரானி டீக்கடை. பன்னை இரண்டாகப் பிளந்து உள்ளே வெண்ணெயை அப்பித் தருகிறார்கள். டீயில் தோய்த்துத் தின்ன வேண்டும். நம் பேக்கரி பன்-பட்டர்-ஜாமில் ஜாம் ருசியை அமுக்கிவிடும். இதில் ஜாம் கிடையாது, உப்பு வெண்ணெய் மட்டும். டீயைப் பொறுத்தவரை கோயமுத்தூர்தான் மேல். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கயல் மேசையில் கரண்டியால் தட்டினாள். நாலு தட்டு ஒரு வரி. நான் படித்தேன். இரண்டாவது வரிக்குள் மேசைப் பையன் போல் இல்லாமல் மேலாளர் போல் இருந்த ஒரு வயதான பணியாளர் வந்து நின்றார். "என்ன வேணும்?" ஒன்றும் வேண்டாம் என்றோம். மறுபடி தட்டினாள். மறுபடி வந்தார். மூன்றாவது முறை வந்தபோது கயல் விஷயத்தை இந்தியில் விளக்கினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள்: "உங்கப்பா தட்டுக்கு முன்னால ஓடறார். ரயிலைப் பிடிக்கற மாதிரி. மெல்ல வரச் சொல்லு." சொல்லிவிட்டுக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு விரலால் தட்டினாள். கடையை விட்டு எழும்போது நான் தாளத்தோடு நடக்கக் கற்றிருந்தேன். அவள் இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். ஒருவழியாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

பிற்பகலில் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஆற்றுப் பாலத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, அதற்கும் முன்னால் ஆடும் மாமன்கள். நம் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலம் காரில் போய்விடும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். இங்கே பின்னால் நின்ற இரண்டு பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆடப் போனார்கள். அரைமணி நேரம் நின்றோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்ணாடியில் கண்டு கயல் கடிகாரத்தின் மேல் தன் கையை வைத்து மறைத்தாள்.

தண்ணீர்த் தொட்டி தகரக் கூரை வீடுகளுக்கு நடுவில் இருந்தது. கீழே சிமெண்டுத் தளம். ஏழு பேர் வந்திருந்தார்கள். பூஜா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ரியாஸ் ஏசி பழுது பார்க்கிறவன். வாராவாரம் கேட்ட பெயர்களுக்கு இப்போதுதான் முகம் கிடைத்தது. சந்து இல்லை.

ரியாஸ் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். "எல்லாரும் அவங்கவங்க பேரைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. அழிக்கற சாச்சா வந்துட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள், பூஜாவைத் தவிர. கயல் மொழிபெயர்த்தாள், ஒரு சொல்லையும் மிச்சம் வைக்காமல்.

என் இந்தியில் பேசினேன். "நான் புத்தகத்தில் பிழை எடுப்பவன். இது பிழை என்று நினைத்தேன். நீங்கள் பிழை இல்லை." இலக்கணம் என்ன பாடுபட்டதோ. பூஜா கேட்டாள்: "எங்க பேரு தெரியாமலா எடுத்தீங்க?" கயல் இதையும் மொழிபெயர்த்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இல்லம்மா. தெரியும். இவ சொல்லியிருக்கா. நான் சரியாக் கேக்கலை."

அதைக் கயல் இந்தியில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சாகர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தான். "சந்து அளவுக்கு வராது. இருந்தாலும் படிங்க."

படித்தேன். தகரத்துல மழ விழுது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மூன்றாவது வரியின் முதல் பெயர், "சந்து" என்றேன். வாளி ஒலித்துக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. நான் அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தேன். கயல் தலையை அசைத்தாள்.

ஆகவே நின்றோம். ஐந்து மணி. ஐந்தேகால். சாகருக்குக் கை வலித்ததும் பாலா வாளியை வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு நாலு சுற்றுக்கும் ஒருமுறை நான் "சந்து" என்று கூப்பிட்டேன். முதல் ஷிப்ட் மூன்றரைக்கு முடியும், ஆலைப் பேருந்து இந்த நேரம் வந்துவிட வேண்டும் என்று டிங்கு சொன்னான். அவன் வேறு எங்காவது இறங்கிப் போயிருக்கலாம் என்று ரியாஸ் சொன்னான். சுற்றிலும் வீட்டுவாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெண்மணி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கயல் கையில் போனை வைத்துக்கொண்டிருந்தாள். பதிப்பாளரின் எண் திரையில் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

இன்னொரு முறை கூப்பிட்டேன். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அப்போது தகர வீடுகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் வந்தான். கழுத்தில் ஆலை அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, இரண்டு நாள் தாடி. ஒல்லியான ஆள். வட்டத்துக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தான். வாளி நின்றது.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறார்?" என்று பூஜாவைக் கேட்டான்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல."

"போன் ஏன் எடுக்கலை?" என்றாள் கயல்.

"ஷிப்டுல போன் லாக்கருக்குள்ள. ஷிப்ட் முடிஞ்சா எடுக்க மனசு வரலை."

அவன் பையைக் கீழே வைத்தான். வட்டத்துக்குள் வந்து சாகருக்கும் பாலாவுக்கும் நடுவில் நின்றுகொண்டான். என்னிடம், "ஹாஜிர்" என்றான். பிறகு கயலிடம் திரும்பினான்.

"போன் பண்ணி அச்சுல ஏத்தச் சொல்லு. என் கோபம் இன்னும் போகலை. புத்தகத்துக்குள்ள இருந்துக்கிட்டே கோபப்பட்டுக்கறேன்."